யாருக்கு வைத்தியம்? – கருத்தரிப்புச் சிகிச்சைகளின் அட்டவணையை வாசித்தல்

1

பிரதி என்றால் கவிதையும் நாவலும் மட்டுமல்ல என்று சொல்லிச் சொல்லியே நமக்கு வயதாகிவிட்டது. ரேஷன் அட்டையும் பிரதிதான், திருமண அழைப்பிதழும் பிரதிதான் என்று கூட்டங்களில் பேசுவோம். பேசி முடித்து டீ குடித்துவிட்டுத் திரும்பவும் நாவலுக்கே வந்துவிடுவோம். இந்தக் கட்டுரை சுவரில் ஒட்டியிருந்த ஓர் அட்டவணையைப் பற்றியது. நாவல்களும் வரும், ஆனால் அட்டவணைக்குச் சாட்சி சொல்வதற்காக.

கருத்தரிப்பு மருத்துவமனை ஒன்றின் காத்திருப்புக் கூடத்தில் அந்த அட்டவணை இருந்தது. நெடுக்கில் மூன்று பத்திகள்: ஐயூஐ, ஐவிஎஃப், இக்ஸி. குறுக்கில் நான்கு வரிசைகள்: எத்தனை நாள், எத்தனை முறை வரவேண்டும், எவ்வளவு செலவு, வெற்றி எத்தனை விழுக்காடு. மேலே சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. பதினான்கு மாதம் நானும் என் மனைவியும் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். அல்லது, நான் உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே போய்வந்துகொண்டிருந்தாள். "சார், நீங்க வெளிய இருங்க. மேடம் மட்டும் வாங்க" என்பதுதான் அங்கே எனக்குச் சொல்லப்பட்ட வாக்கியம்.

கோப்பு அவள் பெயரில் இருந்தது. என் பெயர் 'க/பெ' என்பதற்குப் பின்னால் வந்தது. அந்தக் கோப்பின் நான்காவது தாளில் என் விந்துப் பரிசோதனை அறிக்கை இருந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு அறுபது லட்சம். குறைவு. அவளுடைய பரிசோதனைகளில் குறையென்று எதுவும் எழுதப்படவில்லை. ஆக, குறை என்னிடம். கோப்பு அவள் பெயரில். ஊசி அவள் வயிற்றில். இலக்கணம் படித்தவனுக்கு இந்த வாக்கியத்தில் எழுவாயும் செயப்படுபொருளும் இடம்மாறிக் கிடப்பது தெரியாமல் போகுமா? எனக்குத் தெரிய ஒன்பது மாதம் ஆயிற்று.

அட்டவணை சிகிச்சைகளைப் பணத்தாலும் நாளாலும் விழுக்காட்டாலும் ஒப்பிடுகிறது. எந்தச் சிகிச்சை யாருடைய உடலில் எவ்வளவு நடக்கிறது என்ற வரிசை அதில் இல்லை. விடுபட்ட அந்த ஐந்தாம் வரிசையை வைத்து மற்ற நான்கையும் வாசிக்கவேண்டும் என்பதே இங்கு நான் சொல்ல வருவது. அந்த வரிசை மருத்துவமனையில் தொலைந்ததல்ல. அது தொலைந்து வெகுகாலம் ஆகிறது.

2

முதலில் சொற்கள். உலகச் சுகாதார நிறுவனம் பன்னிரண்டு மாதம் அல்லது அதற்கு மேல் தடுப்பின்றிக் கூடியும் கருத்தரிக்கவில்லை என்றால் அதைக் குழந்தையின்மை என்கிறது. ஆணின் அல்லது பெண்ணின் இனப்பெருக்க மண்டலத்தில் உள்ள நோய் என்று வரையறுக்கிறது. 'ஆணின் அல்லது பெண்ணின்' என்பதைக் கவனிக்கவேண்டும். நம் தெருவின் வரையறை வேறு. கல்யாணமாகி மூன்றாவது மாதமே "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அது கேட்கப்படுவது பெண்ணிடம். நாள் தள்ளுவது, முழுகாமல் இருப்பது எல்லாமே அவள் உடலின் சங்கதிகள். ஆகவே தள்ளாததும் அவள் உடலின் சங்கதிதான் என்று முடிவுகட்டுவது பொதுப்புத்திக்கு எளிது.

மலடி என்கிறோம், கொங்கில் வறடி என்கிறார்கள். ஒரே பிள்ளையோடு நின்றுபோனவளுக்குக்கூடக் காகவந்தி என்று தனிப்பெயர் வைத்திருக்கிறது நம் அகராதி மரபு. ஆணுக்கு? மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது. தெருவில் யாரையாவது யாராவது அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதுண்டா? ஆண்மையில்லாதவன் என்ற வசை உண்டு. அது வேறு விஷயம். கலவி இயலாமையும் கருவுறச்செய்ய இயலாமையும் ஒன்றே என்று போட்டுக் குழப்பிவைத்திருப்பதால்தான் ஆண்கள் அந்தச் சிறிய பிளாஸ்டிக் குப்பியைக் கையில் வாங்கவே நடுங்குகிறார்கள். எண்ணிக்கை குறைந்த ஒருவன் கலவியில் எந்தக் குறையும் இல்லாதவனாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறான். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இல்லாத மொழியில் ஓர் அறிக்கை அவமானமாகவே வாசிக்கப்படும்.

குறளின் ஏழாம் அதிகாரத்தை மக்கட்பேறு என்கிறோம். பரிமேலழகருக்கு அது புதல்வரைப் பெறுதல். பேறு என்பதும் பெறுதல் என்பதும் யாருடைய வினைகள்? இல்லறத்தான் பெறுகிறான்; அவன் உடல் அதில் எங்கும் வருவதில்லை. பெற்றால் பேறு அவனுக்கு. பெறாவிட்டால் பெயர் அவளுக்கு.

3

ஆனால் மரபுக்கு இது தெரியாது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். மரபின் பேச்சில்தான் ஆணின் குறை இல்லை. மரபின் செய்கையில் அது நிறையவே இருக்கிறது.

தசரதனை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பனில் மூன்று பட்டத்து மனைவியரிடமும் பிள்ளையில்லை. மூன்று வயல், ஒரே விதை. வேள்வி நடக்கிறது, தீயிலிருந்து வந்த அமுதப் பிண்டத்தை உண்பவர்கள் மனைவியர். பாரதத்தில் விசித்திரவீரியன் பிள்ளையின்றி இறக்கிறான். அம்பிகையும் அம்பாலிகையும் வியாசன் முன் நிறுத்தப்படுகிறார்கள். பாண்டுவுக்குச் சாபம், குந்தி மந்திரம் சொல்கிறாள். எல்லா இடத்திலும் முட்டுக்கட்டை ஆணிடம், பரிகாரம் பெண்ணுடலின் வழியே.

தி. ஜானகிராமனின் 'நளபாகம்' இன்னும் துல்லியமான பிரதி. அங்கே ஜாதகம் ஆய்வக அறிக்கையின் வேலையைச் செய்கிறது. சுவீகார மகனுக்குப் பிள்ளைப்பேறு இல்லை, மருமகளுக்கு உண்டு என்று இரண்டு அறிக்கைகளும் தனித்தனியாக வருகின்றன. ரங்கமணி என்ன செய்கிறாள்? காமேச்வரன் என்ற சமையற்காரரை வீட்டுக்குள் கொண்டுவருகிறாள். மகனிடம் யாரும் எதையும் உடைத்துப் பேசுவதில்லை. குறை தெரிந்திருக்கவும் வேண்டும், பேசப்படாமலும் இருக்கவேண்டும். அந்த இடைவெளியில்தான் அந்த நாவலே நடக்கிறது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. 2014 இறுதியில் அதற்கு எதிர்ப்பு கிளம்பியது, 2015 ஜனவரியில் ஆசிரியர் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இவ்வளவு கூச்சலிலும் இரு தரப்பும் பொன்னாளைப் பற்றியே பேசின. அவள் கற்பு, அவள் இச்சை, அவள் ஊரின் மானம். காளியைப் பற்றி யார் பேசினார்கள்? பொன்னா திருச்செங்கோட்டு மலையில் வறடிக்கல்லைச் சுற்றுகிறாள். அதுவரை குறை அவளிடம் என்ற கணக்கு. ஆனால் தேர்த்திருவிழாவின் பதினான்காம் இரவு இருக்கிறதே, அதன் தர்க்கம் நேர்மாறானது. குறை பெண்ணிடம் என்றால் வேறோர் ஆணிடம் அனுப்பி என்ன பயன்? குறை கணவனிடம் இருக்கலாம் என்று தெரிந்த ஒரு சமூகம்தான் அப்படியொரு இரவைக் கற்பனை செய்துகொள்ள முடியும். பதினான்காம் இரவை முன்வைக்கிறபோதே காளியின் அறிக்கை வாசிக்கப்பட்டுவிட்டது. வாய்விட்டு மட்டும் வாசிக்கவில்லை. நாவலை எதிர்த்தவர்களைச் சுட்டது கற்பு மட்டும்தானா, இதுவுமா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

இந்தப் பரிகார மரபில் எனக்குத் தெரிந்து ஒரேயொரு மறுப்பு சிலம்பில் இருக்கிறது. தேவந்தி கண்ணகியிடம் சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழலாம் என்கிறாள். கேட்கப்பட்டது பிள்ளைக்காக அல்ல, போன கணவன் திரும்புவதற்காக. என்றாலும் வடிவம் அதேதான்: அவன் தவறுக்கு இவள் முழுக்கு. அது பெருமையாகாது என்று கண்ணகி சுருக்கமாக மறுத்துவிடுகிறாள். பிள்ளையில்லாத கண்ணகியை இளங்கோ எங்கும் அந்தக் காரணத்துக்காகக் குறைத்துப் பேசவில்லை என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

4

இனி அட்டவணைக்கு வருவோம். ஒவ்வொரு பத்தியையும் ஐந்தாம் வரிசையோடு சேர்த்துப் பார்ப்போம்.

அட்டவணையில் ஏறாத அளவுக்கு மலிவானது மாத்திரை. முட்டை சரியாக முதிர்ந்து வெளிப்படாத பெண்களுக்கு, குறிப்பாக நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு, க்ளோமிஃபீன் என்ற மாத்திரை 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதற்குப் போட்டியாக வந்தது லெட்ரசோல், மார்பகப் புற்றுநோய்க்காக உருவான மருந்து. இந்திய அரசு 2011இல் இதைக் கருத்தரிப்புக்குக் கொடுக்கக்கூடாது என்று தடைசெய்தது. 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களை வைத்து நடந்த ஆய்வு வெளியானது: லெட்ரசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும் க்ளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்திருந்தது. 2017இல் இங்கே தடை நீங்கியது. சில ரூபாய் மாத்திரை ஒன்று லட்ச ரூபாய்ச் சிகிச்சைக்கு முன்னால் முறையாக முயன்று பார்க்கப்படவேண்டிய படி என்பதை இந்தக் கதை காட்டுகிறது. இது பெண்ணிடமுள்ள ஒரு குறைக்குப் பெண் எடுக்கும் மருந்து. இதில் எழுவாய் பிசகவில்லை.

ஐயூஐ: விந்தைக் கழுவி, நீந்தக்கூடியவற்றைப் பிரித்து, மெல்லிய குழாயால் கருப்பைக்குள் செலுத்துவது. செலவு ஆயிரங்களில். ஒரு சுற்றுக்குப் பலன் பொதுவாக நூற்றுக்குப் பத்தை ஒட்டித்தான். ஆணின் எண்ணிக்கை ஓரளவு குறைந்திருந்தாலும் இதைச் செய்வார்கள். அப்போது முட்டை வளர்க்கும் மாத்திரையும் ஊசியும் ஸ்கேனும் எந்தக் குறையும் இல்லாத பெண்ணுக்குத்தான்.

ஐவிஎஃப்: பத்துப் பன்னிரண்டு நாள் ஊசிபோட்டுப் பல முட்டைகளை ஒரே நேரத்தில் வளர்த்து, மயக்கம் கொடுத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்சியெடுத்து, கண்ணாடிக் கலத்தில் விந்தோடு சேர்த்து, உருவான கருவை மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருப்பைக்குள் வைப்பது. செலவு லட்சத்தைத் தாண்டும். சினைப்பை அளவுமீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்து ஆபத்தாகும் நிலையும் சிலருக்கு வரும். கருக்குழாய் அடைபட்ட பெண்களுக்காகப் பிறந்த முறை இது. அந்தக் காரணத்துக்கு இது நியாயமான வைத்தியம்.

இக்ஸி: 1992இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து அறிவிக்கப்பட்டது. ஒரேயொரு விந்தணுவை நுண்ணூசியில் எடுத்து நேரே முட்டைக்குள் செலுத்துவது. இது ஆணின் குறைக்கென்றே உருவான முறை. இங்கேதான் வாசகர் சற்று நிற்கவேண்டும். இக்ஸியில் பெண்ணுக்கு நடப்பது என்ன? ஐவிஎஃப்பில் நடப்பது அத்தனையும். ஆணுக்கு? ஓர் அறை, ஒரு குப்பி, பத்து நிமிடம். விந்தே வெளிவராத ஆண்களுக்கு விதையிலிருந்து ஊசியால் எடுப்பார்கள், அது உண்மையான வலி. ஆனால் அத்தகையோர் சிலரே. மற்றபடி மனித மருத்துவத்தில் ஒருவருடைய குறைக்கு இன்னொருவருடைய உடலில் நடத்தப்படும் சிகிச்சை வேறெது? எனக்குச் சர்க்கரை என்றால் என் மனைவிக்கு இன்சுலின் போடுவார்களா? வேள்வியின் பிண்டமும் குந்தியின் மந்திரமும் பதினான்காம் இரவும் எந்த இலக்கணத்தில் இயங்கினவோ அதே இலக்கணத்தில்தான் நுண்ணோக்கியின் அடியிலும் வேலை நடக்கிறது.

இதை நான் இக்ஸியை மறுப்பதற்காகச் சொல்லவில்லை. கரு வளர்கிற இடம் பெண்ணுடல் என்ற உடற்கூற்று உண்மையை எந்தக் கோட்பாடும் மாற்றாது. ஆனால் அந்த உண்மைக்கும் கோப்பு அவள் பெயரில் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? முதல் பரிசோதனையே அவளுக்குச் செய்யப்பட்டதற்கு என்ன சம்பந்தம்? வலியில்லாத, மலிவான, அரைநாளில் முடிகிற விந்துப் பரிசோதனைக்கு என்னை அனுப்பும் முன்பு அவளுக்குக் கருக்குழாய்ச் சோதனை நடந்தது. சாயம் ஏற்றிப் படம் பிடிப்பார்கள். அன்றிரவு முழுக்கச் சுருண்டு படுத்திருந்தாள். தம்பதிகளின் குழந்தையின்மையில் ஏறக்குறையப் பாதியில் ஆணின் பங்கு இருக்கிறது என்பது மருத்துவம் நெடுநாளாக அறிந்தது. அறிந்தும் வரிசை மாறவில்லை. வேரிகோசீல், சுரப்புக் குறை, உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி என்று ஆணிடமே வைத்தியம் பார்க்கக்கூடிய காரணங்கள் உண்டு. அந்த ஊசி விந்து உற்பத்தியையே முடக்கிவிடும். இவற்றைத் தேடாமல் நேரே இக்ஸிக்குப் போவது, கணவனை மருத்துவத்திலிருந்து மரியாதையாக வெளியே உட்காரவைப்பதாகும். 'சார், நீங்க வெளிய இருங்க.'

5

நான்காம் வரிசை, வெற்றி விழுக்காடு. இதில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பின்னத்தில் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். அட்டவணை இரண்டையும் மறைத்து விடையை மட்டும் சொல்கிறது. விடுபட்ட சொல்லை வருவித்துப் பொருள்கொள்வது நமக்குப் பழக்கப்பட்ட தொழில்தானே.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 100 பெண்கள் ஊசி தொடங்குகிறார்கள். 90 பேரிடம் முட்டை எடுக்கப்படுகிறது. 75 பேருக்குக் கரு வைக்கப்படுகிறது. 35 பேருக்கு ரத்தப் பரிசோதனையில் கரு என்று வருகிறது. 30 பேருக்கு ஸ்கேனில் துடிப்பு தெரிகிறது. 25 பேர் குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள். இப்போது 35ஐ 75ஆல் வகுத்தால் 47 விழுக்காடு. 25ஐ 100ஆல் வகுத்தால் 25 விழுக்காடு. இரண்டுமே பொய்யல்ல. ஆனால் முதல் கணக்கில் ஊசிபோட்டும் முட்டை கிடைக்காதவளும், கரு உருவாகாதவளும், எட்டாவது வாரம் இழந்தவளும் காணாமல் போகிறார்கள். விழுக்காடு என்பது யாரை விலக்கிப் பெறப்பட்டது என்று கேட்பது இலக்கிய வரலாற்றில் நாம் கேட்கிற அதே கேள்விதான். வயதையும் சொல்லாமல் விழுக்காடு சொல்வது இன்னும் மோசம். பிரிட்டனில் 1991 முதல் இதற்கென்று ஓர் ஆணையம் இயங்குகிறது. அதன் கணக்கில் முப்பத்தைந்துக்கு உட்பட்ட பெண்ணுக்கு வைக்கப்படும் ஒவ்வொரு கருவுக்கும் பிறப்பு வாய்ப்பு மூன்றில் ஒன்றை ஒட்டியும், நாற்பத்துமூன்றைத் தாண்டித் தன் முட்டையையே பயன்படுத்துபவருக்கு இருபதில் ஒன்றை ஒட்டியும் இருக்கிறது. இந்த இருவருக்கும் ஒரே அட்டவணையா?

கூடுதல் சரக்குகளும் உண்டு. கரு நன்றாக ஒட்டும் என்று சொல்லிக் கருப்பையின் உட்சுவரைச் சுரண்டிவிடுவது உலகெங்கும் நடந்தது. 2019இல் 1,364 பெண்களை வைத்து வெளியான ஆய்வில் சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் பிறப்பு விழுக்காடு ஒன்றேதான்: 26.1. விந்தில் குறையே இல்லாதவர்களுக்கும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இக்ஸி செய்கிறார்கள். 2021இல் வியட்நாமிலிருந்து 1,064 தம்பதிகளின் ஆய்வு வந்தது: இக்ஸியில் 35, சாதாரண ஐவிஎஃப்பில் 31 விழுக்காடு, புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கடைசிப் பத்தி முதல் பத்தியைவிட உயர்ந்தது, விலை கூடியது வீரியம் கூடியது என்று இடமிருந்து வலமாக ஏறுகிற அட்டவணையின் கதையாடல் இங்கே உடைகிறது. யாருக்கு எது தேவை என்பதே கேள்வி. ஏணி என்பது கடைக்காரரின் உருவகம்.

இயல்பு என்ற கோடும் அசையாததல்ல. விந்தணு எண்ணிக்கைக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேடு 1999இல் மில்லிலிட்டருக்கு இரண்டு கோடி என்றது. 2010இல் ஒன்றரைக் கோடி. 2021இல் ஒரு கோடியே அறுபது லட்சம். பிந்தைய இரண்டும் எப்படி வந்தன? ஓராண்டுக்குள் தந்தையான ஆண்களை எடுத்து, அவர்களில் அடிமட்ட ஐந்து விழுக்காடு எங்கே முடிகிறதோ அங்கே கோடு. அதாவது கோட்டுக்குக் கீழே இருப்பவர்களும் தந்தைகளே. 'குறைவு' என்ற சொல்லைப் பார்த்து நான் உடைந்துபோன நாளில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

6

ஃபூக்கோ 1976இல் எழுதியபோது பத்தொன்பதாம் நூற்றாண்டு உருவாக்கிய நான்கு உருவங்களில் ஒன்றாக, பிறப்பைக் கணக்கிடும் மால்தூசியத் தம்பதியைச் சொன்னார். நம் ஊரில் அந்தத் தம்பதி சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே நின்று சிரித்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77இல், நடந்த கருத்தடைகளில் பெரும்பங்கு ஆண்களுக்குச் செய்யப்பட்டது, பல இடங்களில் வலுக்கட்டாயமாக. அரசுகள் அதிலிருந்து கற்ற பாடம் வலுக்கட்டாயம் கூடாது என்பதைவிட ஆணைத் தொடக்கூடாது என்பதாகவே தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மணவாழ்வில் இருக்கும் 15-49 வயதுப் பெண்களில் பெண்ணறுவையைச் சார்ந்திருப்போர் 37.9 விழுக்காடு, ஆணறுவையைச் சார்ந்திருப்போர் 0.3. ஆணுக்குச் செய்வது எளிய, வெட்டுக் குறைந்த அறுவை என்று தெரிந்தும் இந்த நிலைமை. பிள்ளை வேண்டாம் என்றாலும் அவள் வயிறு, வேண்டும் என்றாலும் அவள் வயிறு. அட்டவணையின் ஐந்தாம் வரிசை அரசாங்கத்தின் சுவரொட்டியிலும் விடுபட்டதுதான்.

பெண் என்றால் எல்லாப் பெண்ணும் ஒன்றல்ல. அட்டவணையில் இன்னொரு உடலும் இல்லை, முட்டை கொடுப்பவளின் உடல். 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறைதான் முட்டை தரலாம், ஏழுக்குமேல் எடுக்கக்கூடாது, வயது 23இலிருந்து 35க்குள் இருக்கவேண்டும் என்கிறது. 2022இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி பெற்ற தாயாலேயே பலமுறை முட்டை விற்கவைக்கப்பட்டது வெளியே வந்தது. வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார். சில மருத்துவமனைகள்மீது நடவடிக்கை வந்தது. அந்த முட்டைகளிலிருந்து பிறந்த குழந்தைகள் எந்த வெற்றி விழுக்காட்டில் ஏறின?

காத்திருப்புக் கூடத்தில் என் காதால் கேட்ட பேச்சு ஒன்று. "முட்டை குடுக்கிறவங்க நம்ம ஆளுங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சிஸ்டர்." கேட்டவர் முகத்தில் வெட்கமில்லை, மஞ்சள் பையில் கோவில் பிரசாதம் வைத்திருந்தார். சாதி விந்திலும் முட்டையிலும் இருக்கிறது என்ற நம்பிக்கை நுண்ணோக்கியைக் கண்டு ஓடிவிடவில்லை. அது நாற்காலி போட்டு அதன் அருகிலேயே உட்கார்ந்துகொண்டது.

7

இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆசிரியன் யார்? 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் முதல் குழந்தை பிறந்தது. ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ் என்ற இரு பெயர்கள் நிலைத்தன. எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல். மூன்றாமவர் ஜீன் பர்டி, செவிலியராகப் பயிற்சி பெற்று ஆய்வகத்துக்கு வந்தவர், அந்தக் கரு பிளவுபடுவதை முதலில் கண்டவர். மருத்துவமனை வைத்த நினைவுப் பலகையில் பர்டியின் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று எட்வர்ட்ஸே வற்புறுத்தியும் சேர்க்கப்படவில்லை. 2015இல்தான் அவர் பெயரோடு ஒரு பலகை வந்தது. அதே 1978இல் அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு நம்ப மறுத்தது. கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூனில் தற்கொலை செய்துகொண்டார். 1986இல் பம்பாயில் பிறந்த குழந்தைக்காக 'முதல்' என்ற பெயர் பெற்ற ஆனந்தகுமார்தான் 1997இல் முகர்ஜியின் குறிப்புகளை வாசித்துவிட்டு, முதல்வர் நானல்ல, அவர் என்று சொன்னார். தன் பெயரை அழித்து இன்னொருவர் பெயரை எழுதிய அந்தச் செய்கை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோப்பில் பெயர் மாற்றுவது முடியாத காரியமல்ல.

பெண்ணியத்துக்குள்ளேயே இதுபற்றி இரு குரல்கள் உண்டு. ஷூலமித் ஃபயர்ஸ்டோன் 1970இல், கர்ப்பச் சுமையிலிருந்தே தொழில்நுட்பம் பெண்ணை விடுவிக்கும் என்று நம்பினார். 1985இல் ஜீனா கோரியா இது பெண்ணுடலைத் தாய் எந்திரமாக்கும் ஆண்களின் ஏற்பாடு என்று எச்சரித்தார். நான் இரண்டாவது குரலின் பக்கம் சாய்ந்து, சிகிச்சையை நிறுத்திவிடலாம் என்று ஓர் இரவு நீளமாகப் பேசினேன். என் மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குக் குழந்தை வேணுமா வேண்டாமான்னு உங்க புஸ்தகம் சொல்ல வேண்டாம். அதை நான் சொல்றேன். யாருக்காக ஊசி போட்டுக்கறேன்னு வெளிய சொல்ல உங்களுக்கு வாய் வரலை பாருங்க, அதை எழுதுங்க." கோட்பாட்டின் பெயரால் அவள் விருப்பத்தைப் பேசவந்த நானும் வெளியே உட்கார்ந்திருந்தவன்தான். அவள் கேட்டது விடுதலையோ புறக்கணிப்போ அல்ல, சாட்சி.

8

ஆகவே அட்டவணையைத் திருத்தி எழுதலாம். முதல் பரிசோதனை ஆணுக்கு, அல்லது இருவருக்கும் ஒரே நாளில். கோப்பில் இரண்டு பெயர். வெற்றி என்பது, தொடங்கிய ஒவ்வொரு சுற்றுக்கும் வீட்டுக்கு வந்த குழந்தை, வயதுவாரியாக. கூடுதல் சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதனால் பிறப்பு கூடியதற்கு ஆய்வு உண்டா என்ற குறிப்பு. ஐந்தாம் வரிசை: யாருடைய காரணத்துக்கு, யாருடைய உடலில். ஆறாவதாக ஒரு வரிசையும் வேண்டும்: நிறுத்துதல். எத்தனை சுற்றுக்குப் பின் நிறுத்தலாம், நிறுத்தினால் தத்தெடுப்பதோ இருவராகவே வாழ்வதோ தோல்வியில்லை என்று எழுதுவதற்கு அந்தச் சுவரில் இடம் நிறையவே இருந்தது; குழந்தைப் படத்தைச் சற்று மேலே நகர்த்தினால் போதும்.

இது மருத்துவமனைக்குச் சொன்னது. எனக்குச் சொல்லிக்கொள்ளவேண்டியது வேறு. போன தையில் ஒரு கல்யாண வீட்டில் அத்தை என் மனைவியை நிறுத்தி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். வழக்கமாக அவள் தலைகுனிவாள், நான் பந்தியைப் பார்க்கப் போய்விடுவேன். அன்று போகவில்லை. "அவகிட்ட ஒண்ணுமில்லை அத்தை. எனக்குத்தான் கணக்குக் குறைவு" என்றேன். அத்தை கொஞ்சநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆம்பளைக்கு ஏதுடா கணக்கு? பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசற" என்றாள்.

அடுத்த வாரம் ராமேஸ்வரத்திலிருந்து அத்தை ஒரு தீர்த்தச் செம்பு அனுப்பியிருந்தாள். மேலே சீட்டில் என் மனைவியின் பெயர் எழுதியிருந்தது. நான் அதை அடித்து என் பெயரை எழுதிக் குடித்தேன். தீர்த்தத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பெயரை மாற்றி எழுதுவதில் உண்டு.